உங்கள் படம் எவர் கடையில்?



ஊருக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்த காலத்தை நம்மில் நாற்பதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதற்குள் மாலை சூடிய மாப்பிள்ளை, தொப்பியணிந்த சிறுவன், பரிசுக் கோப்பையைத் தாங்கிய மாணவன் எனச் சில படங்கள் மாட்டப்பட்டிருக்கும். தம் வீட்டுப் பெண்ணின் படம் அந்தப் பெட்டிக்குள் ஏறிவிடக் கூடாதே என்று, படத்தை வாங்கும்போதே நெகட்டிவையும் கேட்டு வாங்கி வந்த வாப்பாமார் நம் ஊர்களில் உண்டு. அவர்கள் சட்டம் பயின்றவர்கள் அல்லர். எனினும், காசு கொடுத்தவன் நான், படம் என்னுடையது, அதை வைத்து நீ கடைக்கு ஆள் சேர்க்கலாகாது என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது.

இன்று நெகட்டிவ் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமரா இருக்கின்றது. பெருநாள் உடையில் பிள்ளை நிற்கும் படமும், உம்மா சமைத்த வட்டிலப்பத்தின் படமும், மருதாணி இட்ட கையின் படமும் எடுத்த மறுகணமே இணையத்தில் ஏறிவிடுகின்றன. ஏறிய படத்தை யாரோ ஒருவர் எடுத்துத் தம் துணிக்கடைக்கும், உணவகத்திற்கும், அழகு நிலையத்திற்கும் விளம்பரமாக்கிக் கொள்கின்றார். "இணையத்தில் கிடந்தது, எடுத்தோம்" என்பதே அவர்கள் தரும் விடை. தெருவில் நிறுத்தி வைத்த சைக்கிளை, "கிடந்தது, எடுத்தேன்" என்று ஓட்டிச் செல்பவனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்? இதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அப்படி நேர்ந்துவிட்டால் ஒரு குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதை இம்மாதம் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரு படத்தில் இரண்டு உரிமைகள்

முதலில் ஒன்றைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஒரு படத்தில் இரண்டு வேறு உரிமைகள் அடங்கியுள்ளன. ஒன்று, படத்தை எடுத்தவரின் உரிமை. மற்றொன்று, படத்தில் இருப்பவரின் உரிமை.

எடுத்தவரின் உரிமையைக் காப்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். நூலும் பாட்டும் மட்டுமே இச்சட்டத்தின் வரம்பிற்குள் வரும் என்று பலர் எண்ணுகின்றனர். ஓவியம் போலவே புகைப்படமும் ஒரு கலைப் படைப்பு என்று அச்சட்டம் கூறுகின்றது. படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளர். எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகின்றது. எங்கும் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமில்லை. விலை உயர்ந்த கேமரா வேண்டும் என்பதோ, தொழில்முறைக் கலைஞராக இருக்க வேண்டும் என்பதோ இல்லை. சமையலறையில் நின்று கைப்பேசியில் படமெடுத்த இல்லத்தரசியும் சட்டத்தின் கண்ணில் படைப்பாளரே. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், இவ்வுரிமை எடுத்தவரின் ஆயுள் முழுதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கின்றது.

படத்தில் இருப்பவரின் உரிமை வேறு வழியாக வந்தது. 1994-இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவருடைய சம்மதமின்றி விளம்பரத்திற்குப் பயன்படுத்துவது அவரது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. 2015-இல் நடிகர் ரஜினிகாந்த் தம் பெயரும் உருவமும் ஒரு திரைப்படத்தில் பயன்படுத்தப்படுவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றார். புகழ் பெற்றவர்களின் வழக்குகளே செய்தியாகின்றன என்பது உண்மைதான். ஆனால், சம்மதமின்றி முகத்தை விற்கலாகாது என்ற கருத்து சாமானியர்க்கும் பொருந்துவதே.

இவ்விரு உரிமைகளும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கின்றேன்.

அடிலெய்டு நகரின் பேருந்து நிறுத்தம்

2007-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருத்தி, தேவாலய இளைஞர் குழு நடத்திய நிகழ்ச்சி ஒன்றில் சிரித்த முகத்துடன் நின்றாள். குழுவின் பொறுப்பாளர் அவளைப் படமெடுத்து ஃபிளிக்கர் என்னும் படத் தளத்தில் ஏற்றினார். ஏற்றும்போது, "என் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்" என்ற பொது அனுமதியையும் உடன் இணைத்திருந்தார். வணிகத்திற்கும் அந்த அனுமதி செல்லும். சில மாதங்களில், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரப் பேருந்து நிறுத்தத்தில் அம்மாணவியின் படம் தொங்கியது. வர்ஜின் மொபைல் நிறுவனத்தின் விளம்பரம் அது. பேனா நண்பரைக் கைகழுவி விடுங்கள் என்னும் கேலி வாசகத்திற்கு அவள் முகம் பயன்பட்டிருந்தது.

படமெடுத்தவர் அனுமதி தந்திருந்தார். படத்தில் இருந்தவள் தரவில்லை. அவளையோ அவள் பெற்றோரையோ எவரும் கேட்கவும் இல்லை. குடும்பத்தார் டெக்சாஸில் வழக்குத் தொடுத்தனர். ஆஸ்திரேலிய நிறுவனத்தை இங்கே விசாரிக்க எமக்கு அதிகார வரம்பு இல்லை என்று கூறி, 2009-இல் அந்நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது.

இதில் நமக்குப் பாடங்கள் இரண்டு. பொது அனுமதி என்பது எடுத்தவரின் உரிமையை மட்டுமே விட்டுக்கொடுக்கும். படத்தில் இருப்பவரின் மானத்தை விட்டுக்கொடுக்க எடுத்தவருக்கு அதிகாரமில்லை. நாடு கடந்துவிட்ட படத்தைத் துரத்திப் பிடிப்பது எளிதன்று என்பது மற்றொன்று.

கடல் கடந்தால் எல்லாமே கடினம் என்றும் சோர வேண்டியதில்லை. 2009-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலக் குடும்பம் ஒன்றின் வாழ்த்து அட்டைப் படம், செக் குடியரசின் பிராகா நகரில் ஒரு மளிகைக் கடையின் முகப்பில் ஆளுயர விளம்பரமாக நின்றது. அவ்வழியே சென்ற நண்பர் ஒருவர் கண்டு சொல்லவே குடும்பத்தாருக்குத் தெரிந்தது. அது கணினியில் உருவாக்கப்பட்ட படம் என்று எண்ணியதாகக் கடைக்காரர் கூறினார். படத்தை அகற்றவும் மன்னிப்புக் கடிதம் எழுதவும் ஒப்புக்கொண்டார். வழக்கின்றி முடிந்த விஷயம் அது. எல்லாக் கடைக்காரர்களும் கயவர்கள் அல்லர். பலர் அறியாமையால் செய்கின்றனர். எனவே முதல் அடியிலேயே வாளை உருவ வேண்டாம்.

கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்?

நம் வீடுகளில் மிகுதியாக எழும் வினா இதுதான். கல்யாணத்திற்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்துப் படமெடுக்கின்றோம். சில நாட்களில் மணப்பெண்ணின் படம் ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தில் வந்துவிடுகின்றது. கேட்டால், "எடுத்தது நாங்கள், எங்கள் வேலையை நாங்கள் காட்டக்கூடாதா?" என்கின்றனர்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதற்கு விடை வைத்திருக்கின்றது. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், கூலி பெற்றுக்கொண்டு எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவரே. ஆக, நெகட்டிவைக் கேட்டு வாங்கி வந்த அந்த வாப்பாமார் சட்டப்படியும் சரியாகவே நடந்திருக்கின்றனர்.

"மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில்" என்ற சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும்போது ஸ்டுடியோக்காரர் தரும் ரசீதின் அடியில் அல்லது பின்புறத்தில், படங்களை விளம்பரத்திற்குப் பயன்படுத்த எங்களுக்கு உரிமையுண்டு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கக் கூடும். கையொப்பமிடுமுன் படியுங்கள். இருந்தால் பேனாவால் அடித்து, "எங்கள் எழுத்துமூல அனுமதியின்றி எந்தப் படத்தையும் இணையத்திலோ கடையிலோ ஆல்பம் மாதிரியிலோ காட்டக் கூடாது" என்று எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். இரண்டு நிமிட வேலை. பந்தலுக்கும் பிரியாணிக்கும் எத்தனை முறை பேரம் பேசுகின்றோம்! பெண்ணின் படத்திற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கலாகாதா?

நண்பர் ஒருவர் அன்பின் பேரில் இலவசமாக எடுத்துக் கொடுத்தால் நிலைமை மாறும். அப்போது எடுத்தவரே உரிமையாளர். ஆனாலும் படத்தில் இருப்பவரின் உரிமை, மேலே கூறியபடி, தனியே நிற்கின்றது.

ஒரு குட்டிப் பாவாடையின் கதை

எங்கள் மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒன்றின் வீட்டில் நிகழ்ந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். ஆறு வயதுப் பெண் பிள்ளை. நோன்புப் பெருநாளன்று புதுப் பாவாடை சட்டையில் அவளை நிறுத்தி உம்மா கைப்பேசியில் எடுத்த படம், உறவினர் பார்க்கவென்று இன்ஸ்டாகிராமில் ஏற்றப்பட்டிருந்தது. மறு ஆண்டு நோன்பு தொடங்கியபோது, பக்கத்து ஊர் ஆயத்த ஆடைக் கடை ஒன்றின் துண்டுப் பிரசுரத்தில் அப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னணியில் இருந்த வீட்டுச் சுவர் மட்டும் மறைந்து, பிறையும் நட்சத்திரமும் வந்திருந்தன.

பிள்ளையின் வாப்பா பிரசுரத்தைக் கையில் கசக்கிக்கொண்டு வந்தார். "ஹஜ்ரத், நாலு பேரோட போய்க் கடையில ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நாலு பேருடன் போனால் நாளைக்குக் காவல் நிலையத்தில் குற்றவாளியாக நிற்பது நீங்களாக இருக்கும் என்றேன். பிறகு ஒன்று கேட்டேன்: "படத்தை எடுத்தது யார்?" "பிள்ளையோட உம்மாதான்" என்றார். "அப்படியானால் கடிதம் அவர் பெயரில்தான் போக வேண்டும்." அவர் சற்றுத் திகைத்தார். வீட்டு விஷயம் எதுவாயினும் தம் பெயரில்தான் போகும் என்பது அவர் வழக்கம்.

அந்தச் சகோதரி பள்ளிப் படிப்போடு நின்றவர். வங்கிப் படிவம் தவிர வேறெதிலும் கையொப்பமிட்டறியாதவர். மூலப் படம் அவர் கைப்பேசியிலேயே இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த, பிள்ளை கண்ணை மூடிக்கொண்ட, தலையைத் திருப்பிக்கொண்ட நான்கைந்து படங்களும் அழியாமல் இருந்தன. வேறு சாட்சியே தேவைப்படவில்லை. கடிதம் பதிவுத் தபாலில் சென்றது. ஐந்தாம் நாள் கடை உரிமையாளரே வீட்டிற்கு வந்தார். விளம்பரம் தயாரித்துக் கொடுத்தவர் இணையத்திலிருந்து எடுத்திருக்கின்றார். காசு கொடுத்து வாங்கிய படம் என்று தாம் நம்பியதாக அவர் கூறினார். மிஞ்சிய பிரசுரங்களை ஒப்படைத்தார். கடைப் பக்கத்திலிருந்து படத்தை நீக்கினார். வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தார். ஒரு தொகையும் தந்தார்.

வாப்பா மறுபடி என்னிடம் வந்தார். "பிள்ளை படத்துக்குக் காசு வாங்குறது நமக்கு ஆகுமா ஹஜ்ரத்?" என்றார். விற்றுப் பெற்ற பணமல்ல அது, கேட்காமல் பயன்படுத்தியதற்கான ஈடு. வாங்குவதும் விடுவதும் உரிமையாளரின் விருப்பம், அவரையே கேளுங்கள் என்றேன். அச்சகோதரி அதைப் பிள்ளையின் பெயரில் அஞ்சலகச் சேமிப்பில் போட்டுவிட்டார்.

செய்ய வேண்டியவை, வரிசையாக

உங்கள் வீட்டுப் படத்தையும் இவ்வாறு எங்கேனும் கண்டால், கீழ்க்கண்ட வரிசையில் செல்லுங்கள்.

1. சான்றைத் திரட்டுங்கள். சண்டை பிறகு. நீங்கள் கேட்ட மறுநிமிடமே படம் மறைந்துவிடலாம். ஆதலால் முதலில் அந்தப் பக்கத்தை முழுமையாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணைய முகவரியும், தேதியும் நேரமும் தெரிய வேண்டும். அச்சில் வந்திருந்தால் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பலகையாயின் இடம் தெரியுமாறு படமெடுங்கள். வழக்கென்று சென்றால், மின்னணுச் சான்றுடன் ஒரு சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும். முன்பு 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவில் உள்ளது.

2. மூலத்தைக் காப்பாற்றுங்கள். கேமராவில் பிறந்த மூலக் கோப்பில், எடுத்த தேதி, நேரம், கருவியின் பெயர் முதலியன பொதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருக்கப்பட்டு இத்தகவல்கள் உதிர்ந்துவிடுகின்றன. எனவே வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிக்காதீர்கள். கண் மூடிய படம், கை ஆடிய படம் என்று ஒதுக்கும் பிழைப் படங்களையும் வைத்திருங்கள். திருடியவனிடம் அவை இரா.

3. வேறெங்கே உள்ளது என்று தேடுங்கள். கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற தேடுபொறிகளில் சொல்லுக்குப் பதிலாகப் படத்தையே கொடுத்துத் தேடலாம். ஒரு கடையில் கண்டது ஒன்பது கடைகளில் இருக்கலாம். முதலில் எடுத்தவர் யார் என்ற தடமும் சில வேளைகளில் கிடைக்கும்.

4. கடிதம் எழுதுங்கள். நிதானமான, உறுதியான கடிதமே பெரும்பாலான விவகாரங்களைத் தீர்த்துவிடும். மாதிரி ஒன்று தருகின்றேன்:

"ஐயா, தங்கள் கடையின் விளம்பரத்தில் (இணைய முகவரி அல்லது பிரசுர விவரம்) காணப்படும் புகைப்படம் இன்ன தேதியில் என்னால் எடுக்கப்பட்டது. அதன் மூலக் கோப்பு என்னிடம் உள்ளது. இதனைப் பயன்படுத்த நான் தங்களுக்கோ பிறருக்கோ அனுமதி வழங்கவில்லை. படத்தில் உள்ளவரும், அவர் சிறுவராதலால் அவருடைய பெற்றோரும், சம்மதம் அளிக்கவில்லை. இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் படத்தை எல்லா இடங்களிலிருந்தும் அகற்ற வேண்டும். எஞ்சிய அச்சுப் பிரதிகளை ஒப்படைக்க வேண்டும். இப்படம் தங்களுக்கு யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும், எங்கெங்கு எத்தனை நாள் பயன்படுத்தப்பட்டது என்பதையும் தெரிவிக்க வேண்டும். இதுவரை பயன்படுத்தியமைக்கான தொகை குறித்துப் பேச முன்வர வேண்டும். தவறினால், பதிப்புரிமைச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க நேரிடும்."

இதனைத் தபாலில் ஒப்புகையுடன் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பலாம். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

5. தளத்திடம் முறையிடுங்கள். கடைக்காரர் அசையவில்லை என்றாலும், யாரென்றே தெரியவில்லை என்றாலும், படம் தங்கியிருக்கும் தளத்தை அணுகலாம். பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் உண்டு. அமெரிக்கத் தளங்கள் 1998-ஆம் ஆண்டின் அந்நாட்டுச் சட்டப்படி, முறையான புகார் வந்தால் படத்தை நீக்கிவிடுகின்றன. எதிர்த்தரப்பு மறுப்புத் தந்தால் மீண்டும் ஏற்றவும் வாய்ப்புண்டு. அப்படிவத்தில் பொய் கூறினால் தண்டனைக்குரியது என்பதை நினைவில் வையுங்கள். நம் நாட்டிலோ, 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி, எழுத்துமூலப் புகார் கிடைத்த 36 மணி நேரத்திற்குள் தளம் அப்படத்தை மறைக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டு வராவிடில் அவர்கள் திரும்பக் காட்டலாம்.

6. நீதிமன்றம். இது கடைசிப் படி. பதிப்புரிமை வழக்கில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. எதிரி எந்த ஊரில் இருந்தாலும், உரிமையாளர் வசிக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 62-ஆம் பிரிவு கூறுகின்றது. தடையுத்தரவும், நஷ்ட ஈடும், அவர் ஈட்டிய இலாபத்தின் கணக்கும் கேட்கலாம். அறிந்தே செய்ததாயின் 63-ஆம் பிரிவின்படி அது குற்றமும் ஆகும். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. காவல்துறை பிடியாணையின்றியே நடவடிக்கை எடுக்கத்தக்க, பிணையில் விட இயலாத குற்றம் இது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று ஒதுங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும்.

ஒரு விதிவிலக்கு. பெண்ணின் படத்தை ஆபாசமாகத் திரித்தோ, இழிவான விளம்பரத்திலோ பயன்படுத்தியிருந்தால் மேற்கண்ட வரிசைக்காகக் காத்திராதீர்கள். சான்றை எடுத்த கையோடு காவல் நிலையத்திலோ, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ முறையிடுங்கள். அவ்வேளையில் வீட்டிலுள்ளோர் கடிந்து பேச வேண்டியது குற்றம் செய்தவனைத்தான். பாதிக்கப்பட்ட பெண்ணையல்ல. "நீ ஏன் படம் போட்டாய்?" என்று கேட்கும் வீட்டில், அடுத்த முறை அவள் எதையும் சொல்ல வரமாட்டாள்.

விடாப்பிடியின் பலன்

பெரிய நிறுவனங்களை நாம் என்ன செய்ய முடியும் என்று தோன்றலாம். ஹைத்தி நாட்டில் 2010 ஜனவரி 12-இல் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. தானியேல் மொரேல் என்னும் அந்நாட்டுப் புகைப்படக் கலைஞர் இடிபாடுகளுக்கு இடையே நின்று எடுத்த படங்களை ட்விட்டர் வழியே வெளியிட்டார். வேறொருவர் அவற்றைத் தம் படங்கள் போலப் பரப்பினார். ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் கெட்டி நிறுவனமும் அவற்றை எடுத்து உலகப் பத்திரிகைகளுக்கு விநியோகித்தன. ட்விட்டரில் போட்டுவிட்டால் எவரும் எடுக்கலாம் என்பது ஏஎஃப்பியின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 நவம்பரில் நியூயார்க்கில் நடுவர் குழு அவருக்கு ஏறத்தாழ 12 இலட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது.

சமூகத் தளத்தில் படத்தை ஏற்றும்போது அத்தளத்திற்கு ஓர் அனுமதியை நாம் தருகின்றோம் என்பது மெய்யே. அது தளத்தாருக்குத் தந்த அனுமதி. வழிப்போக்கர் அனைவருக்கும் தந்ததன்று.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கரோல் ஹைஸ்மித் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், ஆயிரக்கணக்கான தம் படங்களை அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்திற்குப் பொதுமக்கள் பயன்பாட்டிற்கென வழங்கியவர். தாம் எடுத்த படத்தைத் தம் சொந்தத் தளத்தில் வைத்திருந்ததற்காகவே 120 டாலர் கட்டுமாறு அவருக்கு ஒரு கடிதம் வந்தது! 2016-இல் அவர் கெட்டி நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு பெரும்பகுதி நிற்கவில்லை. உரிமையைப் பொதுவில் விட்டபின் திரும்பக் கேட்பது கடினம். ஆகவே, இணையத்தில் ஏற்றும்போது தளம் கேட்கும் "எந்த உரிமத்தின் கீழ்?" என்ற வினாவுக்குப் படிக்காமல் விரலை வைக்காதீர்கள்.

செய்யக் கூடாதவை

கோபம் நியாயமானதுதான். ஆயினும், கடையின் பெயரைப் போட்டுத் திருடன் என்று ஊரெங்கும் வாட்ஸ்அப்பில் பரப்பினால், அவதூறு வழக்கிற்கு நாமே கதவைத் திறந்தவர்களாவோம். உரிமை நம்முடையதுதானா என்று உறுதி செய்யாமல் மிரட்டல் நோட்டீஸ் அனுப்புவதும் தவறு. ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக வழக்குத் தொடர, பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு எதிர்த்தரப்பிற்கு இடம் தருகின்றது. அறியாமல் பயன்படுத்தியவரிடம் அளவு மீறிய தொகை கேட்டு நெருக்குவதும் நமக்கு அழகன்று. அவர் மெய்யாகவே அறியாதிருந்தால், தடையும், அவர் பெற்ற இலாபம் முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ மட்டுமே கிடைக்கும் என்பதுதான் சட்டத்தின் நிலையும்.

நம் கையையும் பார்ப்போம்

சகோதர, சகோதரிகளே! இதுவரை நம் படத்தைப் பிறர் எடுப்பதைப் பற்றிப் பேசினோம். பிறர் படத்தை நாம் எடுப்பதில்லையா? வீட்டிலிருந்தே பிரியாணியும் பலகாரமும் செய்து விற்கும் சகோதரிகள், தாம் சமைக்காத சட்டியின் படத்தை இணையத்திலிருந்து எடுத்துத் தம் பக்கத்தில் போடுகின்றனர். இதில் படமெடுத்தவரின் ஹக்கும் போகின்றது. வாங்குபவருக்கு உண்மையும் மறைக்கப்படுகின்றது. பள்ளி ஆண்டு விழாவிற்கும், ஜமாஅத் சுவரொட்டிக்கும், தையல் வகுப்பு அறிவிப்பிற்கும் கூகுளில் முதலில் வந்த படத்தை எடுத்து ஒட்டும் பழக்கம் நம் நிர்வாகிகளிடம் வேரூன்றியிருக்கின்றது. மூலையில் இருந்த பெயரை வெட்டிவிட்டுப் போடுவோரும் உளர். உரிமைத் தகவலை வேண்டுமென்றே நீக்குவதைத் தனிக் குற்றமாகவே 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆக்கியுள்ளது.

பிறர் பொருளை அனுமதியின்றி எடுப்பது ஆகாது என்பதைப் பிள்ளைகளுக்கு மிட்டாயிலும் பென்சிலிலும் கற்பிக்கின்றோம். படத்திலும் கற்பிக்க வேண்டிய காலம் இது. வழி ஒன்றும் கடினமானதன்று. உங்கள் சட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நீங்களே எடுங்கள். அல்லது உரியவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பலர் மகிழ்ந்து தருவார்கள். அல்லது வணிகப் பயன்பாட்டிற்கும் அனுமதியுள்ள படங்களைத் தேடி, நிபந்தனையைப் படித்து, பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்வீர்களா? குடும்பத்தோடு அமர்ந்து, உங்கள் இணையக் கணக்குகளை யார் யார் பார்க்கலாம் என்ற அமைப்பைத் திறந்து பாருங்கள். எல்லோருக்கும் திறந்திருந்தால் உறவினர் வரை என்று சுருக்குங்கள். பிள்ளைகளின் படங்களில் பள்ளிச் சீருடையும் தெருப் பெயரும் தெரிபவற்றை நீக்குங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டு மூன்று படங்களைப் படத் தேடுபொறியில் கொடுத்து, அவை வேறெங்கேனும் உலவுகின்றனவா என்று தேடுங்கள். மூலப் படங்களைத் தனியே ஒரு நினைவகத்தில் சேமித்து, தேதியிட்டு, பீரோவில் நகைப் பெட்டியின் பக்கத்திலேயே வையுங்கள்.

வஸ்ஸலாம்.